பாதியில் நின்ற ரீஸ்டோரும் எழ மறுக்கும் கணினியும்: புதியவர்களுக்கான விளக்கம்

விண்டோஸ் கணினியில், வன்பொருளை இயக்கும் நிரலான ஒரு டிரைவரோ, ஓர் அப்டேட்டோ தொல்லை கொடுக்கத் தொடங்கியதும், எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு நாளின் நிலைக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் பலரும் சிஸ்டம் ரீஸ்டோரை நாடுகிறார்கள். அது நல்ல வழிதான். பெரும்பாலும் எதிர்பார்த்ததைச் செய்தும் முடிக்கும். ஆனால் அந்த வேலையின் நடுவில் மின்சாரம் போனாலோ, ஏதோ ஒரு கோப்பை மாற்ற முடியாமல் அது நின்றுவிட்டாலோ, அதுவரை குறையோடாவது ஓடிய கணினி பிறகு எழவே மறுப்பதுண்டு. அப்போது கணினிக்குள் என்ன நடந்திருக்கிறது, எந்த வரிசையில் அணுகினால் கோப்புகளை இழக்காமல் மீளலாம் என்பதை, கணினித் துறையைச் சாராத வீட்டுப் பயனர்களுக்காக இங்கே விளக்குகிறேன். சொல்வன அனைத்தும் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை.

கணினி எழவில்லை என்பது ஒரு செய்தி. அதிலுள்ள கோப்புகள் அழிந்துவிட்டன என்பது முற்றிலும் வேறொரு செய்தி. முதலாவதைக் கண்டவுடன் இரண்டாவதையும் உண்மையென்று எடுத்துக்கொள்வதால்தான் பலர் தேவையில்லாமல் துயரப்படுகிறார்கள். குடும்பப் படங்களும், பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும், வருமான வரி ஆவணங்களும் வட்டில் தங்களுக்குரிய இடத்தில் அப்படியே இருக்க, அவற்றை நமக்குத் திறந்து காட்டவேண்டிய விண்டோஸ் மட்டுமே எழ முடியாமல் கிடக்கலாம். மெய்யான இழப்பு பெரும்பாலும் ரீஸ்டோர் தோற்ற நொடியில் நேர்வதில்லை. அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில், பதற்றத்தோடு கிடைத்த கட்டளைகளையெல்லாம் தட்டுவதிலும், அருகிலுள்ள கடையில் கொடுத்து "ஃபார்மட் செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுவதிலும் அது நேர்கிறது.

எந்த ரீஸ்டோர் தோற்றது?

ரீஸ்டோர் என்று பேச்சில் ஒரே பெயரால் சொல்லப்படுபவை உண்மையில் மூன்று வெவ்வேறு வேலைகள். எது தோற்றது என்பதைப் பொறுத்தே உங்கள் கோப்புகளுக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பது முடிவாகும் என்பதால், இதை முதலிலேயே பிரித்தறிந்துகொள்ள வேண்டும்.

சிஸ்டம் ரீஸ்டோர் என்பது 2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் மில்லெனியம் பதிப்போடு வந்த வசதி. விண்டோஸின் முறைமைக் கோப்புகள், டிரைவர்கள், ரெஜிஸ்ட்ரி என்னும் அமைப்புப் பதிவேடு ஆகியவற்றின் நிலையை அவ்வப்போது குறித்துவைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அவற்றை மட்டும் பழைய நிலைக்குத் திருப்புவதே இதன் வேலை. நீங்கள் எழுதிய கடிதத்தையோ எடுத்த படத்தையோ இது தொடுவதில்லை. ஆகவே தோற்றது இதுவென்றால், வட்டே பழுதாகியிருந்தாலொழியச் சொந்தக் கோப்புகள் பத்திரமாக இருக்கும் என்று நம்பலாம்.

இரண்டாவது, கணினியை ரீசெட் செய்தல். இதில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழி, அனைத்தையும் நீக்கும் வழி என இரண்டு உண்டு. முன்னதைத் தேர்ந்திருந்தால், வேலை பாதியில் நின்றிருந்தாலும் உங்கள் பயனர் கோப்புறையோ அதன் பழைய வடிவமோ பெரும்பாலும் வட்டில் இருக்கும். பின்னதைத் தேர்ந்திருந்தால் நிலைமை கடினம்.

மூன்றாவது, முழு வட்டின் அச்சு நகலான சிஸ்டம் இமேஜை வெளி வட்டிலிருந்து திரும்ப எழுதுவது. மூன்றிலும் மிகுந்த கவனம் வேண்டுவது இதற்குத்தான். ஏனெனில் இது தொடக்கத்திலேயே வட்டின் பகிர்வுகளை, அதாவது அது பிரிக்கப்பட்டிருக்கும் பகுதிகளை, அழித்துவிட்டு, இமேஜில் உள்ளதை அந்த இடத்தில் எழுதுகிறது. நடுவில் நின்றுவிட்டால் பழையதும் இல்லை, புதியதும் முழுமையாக இல்லை. இமேஜ் எடுத்த நாளுக்குப் பிறகு சேர்ந்த கோப்புகள் வேறெங்கும் இல்லாவிட்டால் அவை பெரும் ஆபத்தில் இருக்கின்றன என்று பொருள். அதேவேளை இமேஜ் இருக்கும் வெளி வட்டு மட்டும் நன்றாக இருந்தால், அந்தத் தேதி வரையிலான அனைத்தும் கையில் இருக்கிறது. அந்த வெளி வட்டை உடனே கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். கணினி சரியாகும்வரை அதில் புதிதாக எதையும் எழுத வேண்டாம்.

பொத்தான் முதல் உள்நுழைவுத் திரை வரை

கணினி எழுவதென்பது ஒரே செயலன்று. ஒன்று அடுத்ததைத் தேடிப் பிடித்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு விலகும் தொடர் வேலை. எந்த இடத்தில் அத்தொடர் அறுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பழுது நீங்கியதற்குச் சமம்.

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் தொடக்க நிரலான ஃபர்ம்வேர். 1981-இல் வந்த ஐபிஎம் கணினியின் வழிவந்த பயாஸ் நெடுங்காலம் இந்த இடத்தில் இருந்தது. இன்றைய கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ. பழக்கத்தில் இதையும் பயாஸ் என்றே அழைக்கிறோம். இது நினைவகம், விசைப்பலகை, வட்டு ஆகியவற்றைச் சோதித்த பின், தன்னிடமுள்ள பூட் பட்டியலைப் பார்த்து, வட்டில் ஈஎஃப்ஐ பகிர்வு என்ற சிறு பகுதியைத் தேடுகிறது. ஃபேட்32 முறையில் அமைந்த இந்தப் பகிர்வு பெரும்பாலும் 100 எம்பி அளவே இருக்கும். இதற்கு டிரைவ் எழுத்து கொடுக்கப்படுவதில்லை என்பதால் அன்றாடப் பயன்பாட்டில் நம் கண்ணில் படுவதில்லை.

அந்தச் சிறு பகிர்வில்தான் விண்டோஸ் பூட் மேனேஜர் இருக்கிறது. அது எழுந்ததும் தன் பக்கத்திலேயே இருக்கும் பிசிடி என்னும் குறிப்பேட்டைப் படிக்கிறது. விண்டோஸ் எந்த வட்டில், எந்தப் பகிர்வில் இருக்கிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். இந்த முகவரி சி, டி போன்ற எழுத்துகளால் ஆனதன்று. ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்ட வட்டில் ஒவ்வொரு பகிர்வுக்கும் உரிய தனி அடையாள எண்ணால் ஆனது. வட்டு மாறினாலோ பகிர்வுகள் புதிதாக உருவாக்கப்பட்டாலோ பழைய பிசிடி சுட்டும் முகவரி ஏன் செல்லாமல் போகிறது என்பது இதிலிருந்து விளங்கும். முகவரி சரியாக இருந்தால் பூட் மேனேஜர் விண்டோஸ் லோடரை அழைக்கிறது. லோடர் ரெஜிஸ்ட்ரியின் சிஸ்டம் பகுதியையும், தொடக்கத்துக்கு இன்றியமையாத டிரைவர்களையும், விண்டோஸின் மையக்கருவான கெர்னலையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அதன்பின் கெர்னல் பொறுப்பேற்று உள்நுழைவுத் திரை வரை கொண்டுசெல்கிறது.

இப்போது திரையில் தெரிவதைக் கொண்டு அறுந்த இடத்தை ஊகிக்கலாம். நிறுவனத்தின் சின்னம்கூடத் தெரியாமல் திரை முழுக்கக் கறுத்தே இருந்தால், அல்லது பீப் ஒலி மட்டும் கேட்டால், அது வன்பொருள் சிக்கல். ரீஸ்டோருக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பிருக்காது. பூட் செய்யத்தக்க சாதனம் இல்லை என்ற வாசகம் வந்தால், ஃபர்ம்வேருக்கு வட்டே தெரியவில்லை, அல்லது ஈஎஃப்ஐ பகிர்வு போய்விட்டது. நீலத் திரையில், கணினியைப் பழுதுபார்க்க வேண்டும் என்றும் பூட் அமைப்புத் தரவு கிடைக்கவில்லை என்றும் வந்தால், பூட் மேனேஜர் வரை வேலை சரி, பிசிடியில்தான் கோளாறு. விண்டோஸ் சின்னமும் சுழலும் புள்ளிகளும் தோன்றிய பிறகு நீலத் திரை வருமானால், பூட் பாதை நன்றாகவே இருக்கிறது. டிரைவரோ ரெஜிஸ்ட்ரியோ முறைமைக் கோப்போதான் தடுக்கிறது. சிஸ்டம் ரீஸ்டோர் தோற்ற கணினிகளில் இயல்பாக எதிர்பார்க்க வேண்டியது இந்தக் கடைசி வகையையே.

பாதி பழையது, பாதி புதியது

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அது பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்புகளை மாற்ற இயலாது. எனவே சிஸ்டம் ரீஸ்டோர், மாற்ற முடிந்தவற்றை உடனே மாற்றிவிட்டு, மாற்ற முடியாதவற்றை அடுத்த தொடக்கத்தின்போது செய்யும்படி குறித்துவைத்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்கிறது. ஆபத்தான இடைவெளி இதுதான். இந்நேரத்தில் கணினி இருக்கும் நிலை, பழைய ஓடுகளை இறக்கிவிட்டுப் புது ஓடுகளைப் பாதி வேய்ந்ததோடு ஆட்கள் நின்றுவிட்ட கூரையைப் போன்றது. கோப்புகள் ஒரு தேதியைச் சேர்ந்தவையாகவும் ரெஜிஸ்ட்ரி இன்னொரு தேதியைச் சேர்ந்ததாகவும் இருக்கும்போது, ஒன்று கேட்பதை மற்றொன்றால் தர முடியாது.

இதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. விண்டோஸ் 10-இல் அப்டேட்டுகளை நிறுவிய பிறகு, அவற்றுக்கு முன்பு குறித்துவைத்த நிலையான ரீஸ்டோர் பாயின்டுக்குத் திரும்ப முயன்றால், '21ஏ' என முடியும் குறியீட்டோடு நீலத் திரை வந்து நின்றுவிடலாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே விளக்கியிருக்கிறது. ஒவ்வொரு டிரைவரும் நம்பகமானதுதானா என்று சரிபார்க்க, கேட்டலாக் என்னும் கையொப்பக் கோப்பு ஒன்று உண்டு. ரீஸ்டோரின்போது கேட்டலாக் கோப்புகள் மாறிவிடுகின்றன. டிரைவர்களோ அடுத்த தொடக்கத்தில் மாறுவதற்காகக் காத்திருக்கின்றன. அந்தத் தொடக்கத்தில், மாற்றப்படுவதற்கு முன்பே இருக்கிற டிரைவர்கள் ஏற்றப்பட்டு, அவற்றின் பதிப்பு கேட்டலாக்கோடு பொருந்தாததால் விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. எந்தக் கோப்பும் கெடவில்லை, காவல்தான் தடுக்கிறது.

இதற்கான தீர்வும் அதிலிருந்தே பிறக்கிறது. விண்டோஸ் எழாதபோது திறக்கும் மீட்புச் சூழலுக்குள் (அதைத் திறக்கும் முறை அடுத்த பகுதியில்) சென்று, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்ற வழியில் மறுதொடக்கம் செய்து, வரும் பட்டியலில் எஃப்7 விசையை அழுத்தினால், டிரைவர் கையொப்பச் சோதனை அந்த ஒரு முறைக்கு மட்டும் விலக்கப்படுகிறது. தடை நீங்கியதும் பாதியில் நின்ற ரீஸ்டோர் தானே தொடர்ந்து முடிந்துவிடும். இனிவரும் காலத்தில் ரீஸ்டோர் செய்ய நேர்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து தொடங்காமல் மீட்புச் சூழலிலிருந்தே தொடங்குவது மேல் என்பதற்கும் காரணம் இதுதான்: அங்கே விண்டோஸ் உறங்கிக்கொண்டிருப்பதால் பயன்பாட்டில் உள்ள கோப்பு என்ற சிக்கலே எழுவதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ரீஸ்டோர் நகராமல் நிற்பதுபோலத் தோன்றுவது வேறு, உண்மையிலேயே நின்றுவிடுவது வேறு. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் ரெஜிஸ்ட்ரியை மீட்கிறேன் என்ற வாசகம் மணிக்கணக்கில் திரையில் இருக்கக்கூடும். வட்டு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருக்கும் வரை பொறுத்திருங்கள். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதுதான் முடிந்திருக்கக்கூடிய ஒரு ரீஸ்டோரைத் தோற்ற ரீஸ்டோராக மாற்றுகிறது. மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைச் செருகியும், மேசைக் கணினியாக இருந்தால் யூபிஎஸ் துணையோடும் மட்டுமே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

பழுதுபார்க்கும் முன் கோப்புகளை வெளியே எடுங்கள்

அடுத்தடுத்து இரண்டு முறை தொடக்கம் தோற்றுவிட்டால் விண்டோஸ் தானாகவே மீட்புச் சூழலைத் திறக்கும். இது வட்டின் வேறொரு பகிர்வில் இருக்கும் சிறிய விண்டோஸ். அதனால்தான் முதன்மை விண்டோஸ் விழுந்தாலும் இது எழுகிறது. இதுவும் எழாவிட்டால், வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைப் பதிவிறக்கி, குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்றில் நிறுவல் ஊடகம் தயாரிக்க வேண்டும். அந்தப் பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும். அதிலிருந்து பூட் செய்து, நிறுவு என்பதை அழுத்தாமல், கணினியைப் பழுதுபார் என்பதைத் தேர்ந்தால் அதே மீட்புச் சூழல் கிடைக்கும்.

மீட்புச் சூழலில் விசைப்பலகையும் சுட்டியும் அசையாமல் போனால் உங்கள் கணினியே முற்றிலும் செத்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். 2025 அக்டோபர் 14 அன்று வெளியான விண்டோஸ் 11 அப்டேட் ஒன்றால், மீட்புச் சூழலுக்குள் மட்டும் யூஎஸ்பி விசைப்பலகையும் சுட்டியும் வேலை செய்யாமல் போயின. விண்டோஸுக்குள் அவை நன்றாகவே இயங்கின. அதை நீக்கும் கேபி5070773 என்ற அவசர அப்டேட் அக்டோபர் 20-இல் வந்தது. ஆனால் எழவே முடியாத கணினியில் அந்த அப்டேட்டை நிறுவுவது எப்படி? அப்படிப்பட்ட நிலையில் பென் டிரைவிலுள்ள மீட்புச் சூழலே கைகொடுக்கிறது; அதைத் தயாராக வைத்திருப்பதன் அருமை அப்போதுதான் புரியும்.

மீட்புச் சூழல் வட்டைத் திறக்க முயலும்போது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கலாம். அது, வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் வசதியின் மீட்பு விசை. தாங்கள் பிட்லாக்கரை இயக்கவே இல்லை என்று பலர் திகைப்பார்கள். ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்த புதிய கணினிகள் பலவற்றில் வட்டுக் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. அப்படி இயங்கியிருந்தால் விசையும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ அதே கணக்கில் உள்நுழைந்து, சாதனத்தின் பெயருக்கு நேரே அந்த எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் வட்டிலுள்ள எதையும் படிக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. எனவே இதைக் கண்டெடுக்கும்வரை வேறெந்த வேலையையும் தொடங்காதிருப்பதே நல்லது.

கோப்புகளை எடுக்க எளிய வழி ஒன்று மீட்புச் சூழலிலேயே இருக்கிறது. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில், கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் விசையை அழுத்தினால் நோட்பேட் திறக்கும். அதில் கோப்பைத் திறக்கும் சாளரத்துக்குச் சென்று, எல்லா வகைக் கோப்புகளும் தெரியும்படி மாற்றினால், உங்கள் வட்டுகள் அனைத்தும் அதில் தெரியும். பயனர் கோப்புறைக்குள் சென்று, வேண்டிய கோப்புறையின் மீது வலப்பக்கச் சொடுக்கில் நகலெடுத்து, செருகியிருக்கும் வெளி வட்டில் ஒட்டலாம். எவ்வளவு நகலாகியிருக்கிறது என்பதை இது காட்டாது; சாளரம் உறைந்ததுபோல நிற்கும்; முடியும்வரை தொடாமல் காத்திருக்க வேண்டும். மிகுதியான கோப்புகளுக்கு ரோபோகாப்பி என்ற கட்டளை ஏற்றது. கமாண்ட் பிராம்ப்டில் கை பழகாதவர்கள், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து நிறுவாமலே ஓட்டி, வழக்கமான சாளரங்களில் கோப்புகளை இழுத்துப்போட்டு நகலெடுக்கலாம். விண்டோஸ் முறையாக அணைக்கப்படாததால் லினக்ஸ் அந்த வட்டைப் படிக்க மட்டும் திறக்கக்கூடும். நமக்கு வேண்டியதும் அதுவே.

இங்கே டிரைவ் எழுத்துகளைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று. மீட்புச் சூழலில் எழுத்துகள் மாறியிருக்கலாம். நீங்கள் நாள்தோறும் சி என்று கண்டது அங்கே டி என்றிருக்கலாம். எக்ஸ் என்று தெரிவது நினைவகத்தில் ஓடும் மீட்புச் சூழலே. விண்டோஸ் கோப்புறையும் பயனர் கோப்புறையும் எந்த எழுத்தின் கீழ் இருக்கின்றன என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே எந்தக் கட்டளையையும் தட்ட வேண்டும்.

வட்டிலிருந்து டிக் டிக் என்ற ஒலி வந்தாலோ, சிறு கோப்பை நகலெடுக்கவே நெடுநேரம் ஆனாலோ, சிக்கல் ரீஸ்டோரில் இல்லை, வட்டில் இருக்கிறது. ரீஸ்டோர் தோற்றதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம். அத்தகைய வட்டில் ஒவ்வொரு பகுதியையும் சோதித்து மீட்க முயலும் செக்டிஸ்க்கின் நீண்ட சோதனையை ஓட்டுவது, எஞ்சியிருக்கும் உயிரையும் தேய்ப்பதாகும். லினக்ஸிலுள்ள டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு வட்டையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்துவிட்டு, அந்த நகலின் மீது வேலை செய்வதே முறை.

அறுந்த கண்ணியைச் சேர்த்தல்

கோப்புகள் வெளியே வந்துவிட்டால் மனம் அமைதியடைகிறது. இனி எது தவறினாலும் இழப்பு நேரம் மட்டுமே. முதலில், மீட்புச் சூழல் ஓடிக்கொண்டிருக்கும் பென் டிரைவைத் தவிர, வெளியே செருகியிருக்கும் பென் டிரைவ், பிரின்டர், வெளி வட்டு அனைத்தையும் கழற்றிவிடுங்கள். பிறகு மீட்புச் சூழலிலுள்ள தானியங்கிப் பழுதுநீக்கியான ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஒரு முறை ஓட விடுங்கள். அது முடியவில்லை என்று சொன்னால் மீண்டும் மீண்டும் ஓட்டுவதில் பயனில்லை. ஆனால் அது தன் சோதனை முடிவுகளை விண்டோஸ் கோப்புறைக்குள், சிஸ்டம்32-இன் லாக்ஃபைல்ஸ் என்ற உள்கோப்புறையில் எழுதிவைக்கிறது. நோட்பேடில் அதைத் திறந்து கடைசிப் பகுதியைப் படித்தால், எந்த டிரைவர், எந்தக் கோப்பு தடுக்கிறது என்ற குறிப்பு பல நேரங்களில் கிடைக்கும். இந்தப் பதிவைப் படிக்காமல் ஊகத்தில் பழுதுபார்ப்பது வீண் அலைச்சல் என்பது என் உறுதியான எண்ணம்.

விண்டோஸ் சின்னம் வரை வந்து விழும் கணினிக்கு, மேலே சொன்ன எஃப்7 வழி உதவாவிட்டால், அதே பட்டியலிலிருந்து, இன்றியமையாதவற்றை மட்டும் ஏற்றி எழும் சேஃப் மோடை முயலலாம். சேஃப் மோடில் எழுந்துவிட்டால் பெரும்பகுதி வென்றாயிற்று. ரீஸ்டோரைத் தடுத்திருக்கக்கூடிய வைரஸ் தடுப்பு மென்பொருளை அங்கே நீக்கிவிட்டு மறுபடி முயலலாம். மீட்புச் சூழலிலுள்ள சிஸ்டம் ரீஸ்டோரைத் திறந்து, தோற்றதைவிட வேறொரு தேதியைத் தேர்வதும் நல்ல முயற்சியே. முந்தைய ரீஸ்டோரைத் திரும்பப் பெறும் பதிவு பட்டியலில் இருந்தால் அதையே முதலில் தேருங்கள். இவையும் பலிக்காதபோது, எஸ்எஃப்சி, டிஸ்ம் ஆகிய கட்டளைகளை, உறங்கும் விண்டோஸின் கோப்புறையைச் சுட்டிக்காட்டி ஓட்டினால், கெட்ட முறைமைக் கோப்புகள் மாற்றப்படும். ஓர் அப்டேட் பாதியில் தொங்கிக்கொண்டிருப்பதே காரணமாக இருந்தால், நிலுவையிலுள்ள செயல்களைத் திரும்பப் பெறும்படி டிஸ்முக்குச் சொல்லும் வழியும் உண்டு.

பிசிடியோ ஈஎஃப்ஐ பகிர்விலுள்ள கோப்புகளோ கெட்டிருந்தால் மருந்து வேறு. வட்டின் பகிர்வுகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கட்டளையில் பகிர்வுகளின் பட்டியலைப் பார்த்து, ஃபேட்32 என்றிருக்கும் சிறு பகிர்வுக்குத் தற்காலிகமாக ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். பிறகு பிசிடிபூட் என்ற கட்டளைக்கு, விண்டோஸ் கோப்புறை எங்கே இருக்கிறது, ஈஎஃப்ஐ பகிர்வின் எழுத்து என்ன, யூஇஎஃப்ஐ முறைக்கு எழுத வேண்டும் ஆகிய மூன்றையும் தெரிவித்தால், பூட் கோப்புகளை விண்டோஸ் கோப்புறையிலிருந்தே நகலெடுத்து, பிசிடியையும் சரியான முகவரியோடு அது எழுதிக்கொடுக்கும். சில நொடிகளில் முடியும் இந்த வேலை உங்கள் கோப்புகள் இருக்கும் பகிர்வில் எதையும் எழுதுவதில்லை. ஆனால் டிஸ்க்பார்ட்டில் இருக்கும்போது, உள்ளதை அழித்துவிடும் கிளீன், ஃபார்மட் என்ற இரு சொற்களையும் எந்த அறிவுரையைக் கேட்டும் தட்டிவிடாதீர்கள்.

இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் இரண்டு பழைய அறிவுரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூட்ரெக் கட்டளையால் எம்பிஆரைச் சரிசெய்யுங்கள் என்பது ஒன்று. எம்பிஆர் என்பது வட்டின் முதல் 512 பைட்டுகளில் பூட் நிரலையும் பகிர்வு அட்டவணையையும் வைத்திருந்த பழைய பயாஸ் கால முறை. யூஇஎஃப்ஐ வழியில் எழும் இன்றைய கணினிக்கு அந்தக் கட்டளையால் நன்மை இல்லை. மற்றொன்று கேடு விளைவிக்கக்கூடியது: ரெக்பேக் என்ற கோப்புறையிலிருந்து ரெஜிஸ்ட்ரியின் காப்பு நகல்களை எடுத்து மூலக் கோப்புகளின் மேல் எழுதுங்கள் என்பது. விண்டோஸ் 7 காலத்தில் அது சிறந்த வழி. ஆனால் 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல், வட்டில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, அந்தக் காப்பு நகல்கள் தானாக எடுக்கப்படுவதில்லை. அங்கே இருக்கும் கோப்புகளின் அளவு 0 பைட். வெறுமையான அக்கோப்புகளை மேலே எழுதிவிட்டால், பழுதான ரெஜிஸ்ட்ரி இல்லாத ரெஜிஸ்ட்ரியாகிவிடும். அளவைப் பார்க்காமல் அதில் கைவைக்கக் கூடாது.

பதற்றத்தில் ஃபர்ம்வேர் அமைப்புகளை ஆலை நிலைக்கு மாற்றுபவர்களும் உண்டு. அதனால் வட்டுக் கட்டுப்பாட்டு முறை, ஏஎச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு என்றோ அதற்கு மாறாகவோ மாறிவிட்டால், பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்ற நீலத் திரை புதிதாகத் தோன்றும். முன்பிருந்த முறைக்குத் திருப்பினாலே அது மறைந்துவிடும்.

இமேஜும் மறுநிறுவலும்

சிஸ்டம் இமேஜை எழுதும் வேலை தோற்றிருந்தால், மீண்டும் முயலும் முன் மூன்று பொருத்தங்களைப் பார்க்க வேண்டும். பயாஸ் முறையில் ஓடிய கணினியில் எடுத்த இமேஜை யூஇஎஃப்ஐ முறையில் எழுந்திருக்கும் கணினியில் விண்டோஸ் எழுத மறுக்கும். பென் டிரைவைப் பூட் செய்யும்போதே எந்த முறையில் எழுப்புகிறோம் என்பதைக் கவனித்தால் இது தீரும். புதிய வட்டு, இமேஜ் எடுத்த வட்டைவிடச் சிறிதாக இருந்தாலும் வேலை நடக்காது. உள்ளே இருந்த தரவு கொஞ்சம்தான் என்பது இங்கே கணக்கில் வராது. பழைய வட்டும் அதன் நகலான புதிய வட்டும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் அடையாள எண்கள் மோதும் என்பதால், பழையதைக் கழற்றிவிட்டே முதல் தொடக்கத்தைச் செய்ய வேண்டும்.

எதுவும் பலிக்காதபோது மறுநிறுவல் செய்வதில் தவறில்லை. கோப்புகள் கைக்கு வந்துவிட்ட பிறகு அதுவே விரைவான வழியாகவும் இருக்கும். மேற்கொண்டு நாள்களைச் செலவிட்டு, பாதி நம்பகமான ஒரு விண்டோஸை ஒட்டவைப்பதைவிடப் புதிதாக நிறுவிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0 உள்ளிட்ட தேவைகளைக் கணினி நிறைவுசெய்யுமானால் இந்த வாய்ப்பிலேயே விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாம். நிறுவும் நேரத்தில் காப்பு நகல் உள்ள வெளி வட்டைச் செருகியிருக்க வேண்டாம். பகிர்வைத் தேர்ந்தெடுக்கும் திரையில் தவறான வட்டைத் தொட்டுவிட ஒரே ஒரு சொடுக்கு போதும். அந்தத் திரையில் வட்டே தெரியாவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை: 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் கணினிகள் பலவற்றில் விஎம்டி என்ற சேமிப்பக முறைக்கான டிரைவரைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துப் பென் டிரைவில் வைத்துக்கொடுத்தால்தான் வட்டு தெரியும்.

பகிர்வை அழிக்காமல், ஃபார்மட்டும் செய்யாமல் பழைய விண்டோஸ் இருந்த அதே பகிர்வில் நிறுவினால், முன்பிருந்த விண்டோஸும் பயனர் கோப்புறைகளும் விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறைக்குள் ஒதுக்கிவைக்கப்படும். நகலெடுக்க மறந்துபோன ஏதேனும் இருந்தால் அதனுள் தேடலாம். விண்டோஸ் அந்தக் கோப்புறையைச் சில நாள்களில் தானே நீக்கிவிடக்கூடும் என்பதால், புதிய விண்டோஸ் எழுந்த அன்றே அதைத் திறந்து, வேண்டியவற்றை எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.